துடைக்காத தொட்டி

செப்டம்பர் 8, திங்கள்

பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது. ரகோத்தமனைப் பற்றி, மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு மனு எழுதப்போகிறேன். தேதிவாரியாகக் குறிப்பு இருந்தால்தான் மனு நிற்கும் என்பதால் இந்த நோட்டு. என் மனைவி சுகந்தி கணக்கு ஆசிரியை. இது அவள் பள்ளியில் மிச்சமானது. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது.

ரகோத்தமன் எங்கள் புற்றுநோய் மருத்துவமனையில் திசு ஆய்வகத்தின் தலைவர். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். "சீனியர், சீனியர்" என்று என் பின்னாலேயே வருவார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று காலை "திருஞானம்" என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மதியத்துக்குள் ஆய்வகம் முழுவதற்கும் அது பழகிவிட்டது.

மனுவில் எழுத வேண்டியவை: ஜெர்மனியில் நான்கு வருடம் இருந்து நான் கற்று வந்த முறையைத் தன் திட்டமாக டெல்லிக்கு அனுப்பியது. கட்டுரையில் என் பெயரை மூன்றாவதாகப் போட்டது. உறைபெட்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஜூனில் டெக்னீஷியன் விடுப்பு என்று சொல்லி என்னை ஸ்லைடு வெட்ட உட்காரவைத்தது. ஜன்னல் ஓரத்து மேசையிலிருந்து என்னை மாற்றியது. கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். தெரியட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மனு நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பதினான்காம் எண்ணின் முடிவு வந்தது.

மனுவைப் படிப்பவர்களுக்கு எங்கள் வேலை புரிய வேண்டும். இங்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். ஒரு புற்றணு இரண்டாகப் பிரியும்போது தன் மரபணுவைப் படியெடுக்கிறது. படியெடுப்பதில் பிழை விழுகிறது. விழுந்த பிழை அதன் வழியில் வரும் எல்லா அணுக்களிலும் தங்கிவிடும். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்கள் விட்ட பிழைகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் சொல்வார்கள் அல்லவா, அதே வேலைதான். குடல்கட்டியின் பிழைகள் ஈரலில் முளைத்ததிலும் இருந்தால், இது அதன் பிள்ளை. எந்த வழியாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம். இந்தப் பிழைகளைத்தான் குறிகள் என்கிறோம். இருபத்திரண்டு நோயாளிகளுக்கு எண் போட்டு இப்படிப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறோம்.

பதினான்கின் குடல்கட்டியில் ஒன்பது குறிகள். நோய் முதலில் போய்ச் சேரும் இடம் குடலையொட்டிப் பயறு அளவில் இருக்கும் நெறிக்கட்டி. பதினான்கின் நெறிக்கட்டியில் அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. வேறு பதினொன்று இருக்கின்றன.

தாயின் சாயல் ஒரு துளி இல்லாத பிள்ளை. நோய் போகும் வழி என்று ரகோத்தமன் போட்டிருக்கும் அழகான வரைபடம் இதைத் தாங்காது. மாலையில் வீட்டுக்கு நடந்தே வந்தேன். "என்னங்க, முகம் தெளிவா இருக்கு?" என்றாள் சுகந்தி.

செப்டம்பர் 12, வெள்ளி

அந்தப் பதினொரு குறிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பதின்மூன்றாம் எண்ணின் குடல்கட்டி. பதினொன்றும் அப்படியே. பிறவியிலேயே வரும் குறிகளும் அந்த ஆளுடையவை. ஆக, பதினான்கின் நெறிக்கட்டியில் தெரியும் புற்று பதினான்கினுடையது அல்ல.

உடம்பிலிருந்து உடம்புக்கு இது பரவாது. ஸ்லைடிலிருந்து ஸ்லைடுக்குப் பரவும். மெழுகில் பதித்த திசுவை, அதாவது பிளாக்கை, மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, அடியில் கண்ணாடியைக் கொடுத்து அள்ளுவார்கள். ஒருவருடையது முடிந்து அடுத்தவருடையதைத் தொடும் முன் தண்ணீரின் மேல்பரப்பைக் காகிதத்தால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காவிட்டால் முந்தைய ஆளின் துணுக்கு மிதந்துகொண்டே இருந்து அடுத்தவரின் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

டெக்னீஷியன் ஹெப்சிபாவின் கவனக்குறைவு. எந்நேரமும் காதில் பாட்டு. மனுவில் சேர்க்க வேண்டும்: ஆய்வகத்தில் மேற்பார்வை என்பதே கிடையாது.

பெயர்ப்பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. பதின்மூன்றாம் எண் ஆகஸ்டில் இறந்துவிட்டார். பதினான்கு ஒரு பெண், நாற்பத்தெட்டு வயது, பெயர் பாக்கியவதி. எடுத்த பதினாறு நெறிக்கட்டிகளில் இந்த ஒன்றில் மட்டும் புற்று என்று அறிக்கை போயிருக்கிறது. இந்த ஒன்றும் சுத்தம் என்றால் அறுவையோடு முடிந்திருக்கும். புற்று இருப்பதால் எட்டுச் சுற்று கீமோ. இரண்டு முடிந்திருக்கிறது. மூன்றாவது 17ஆம் தேதி.

செப்டம்பர் 13, சனி

வெட்டியவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடும் வெட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். ஜூன் 26, பக்கம் 212. ஹெப்சிபா அன்று தன் ஊர் நாசரேத்தில் இருந்திருக்கிறாள். அண்ணன் கல்யாணம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடித் தொட்டியின் மிதவை வால்வு கெட்டு, லாரித் தண்ணீர் பாதி வழிந்து வீணாயிற்று. பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டானாம். நானே ஏறி மாற்றினேன். வெயில். முதுகு பிடித்துக்கொண்டது. மனுவைத் தொடவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ரகோத்தமன் கூப்பிட்டார்.

"பதினாலு ஒத்து வரலையாமே."

"வரல."

"எடுத்துடுங்க. மாதிரி தரமா இல்லைன்னு போட்டுடலாம். இருபத்தொண்ணு தாராளம்."

"ஏன் ஒத்து வரலைன்னு பாக்க வேணாமா?"

கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "சீனியர்," என்றார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. "அந்த வாரம் யார் லீவு, யாரை உக்கார வெச்சேன், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. உக்கார வெச்சது நான்தான். கிளற வேணாம். உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

"அந்தப் பேஷண்ட்?"

"கீமோதானே போகுது. நெறிக்கட்டி நெகட்டிவா இருந்தாலும் சில பேருக்குக் குடுக்கறாங்க. கெட்டது ஒண்ணும் இல்ல."

தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த மனிதர் என்னைக் காப்பாற்றுகிறார். இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஜூன் 26 பற்றி மனுவில் ஏற்கெனவே ஒரு பத்தி இருக்கிறது. போன வாரம் எழுதியது. எடுத்துப் படித்தேன். "இருபத்தாறு வருட அனுபவமும் வெளிநாட்டுப் பயிற்சியும் உள்ள ஒருவரை, கடைநிலைப் பணியாளர் செய்யும் வேலையில் அமர்த்தி அவமானப்படுத்தினார். நான்கு மணி நேரம் பிடிக்கும் முப்பது பிளாக்குகளை நான் இரண்டு மணி நேரத்தில் வெட்டி முடித்து எழுந்தேன்."

பத்தியை எடுத்துவிட்டேன். மனுவின் ஓட்டத்துக்கு அது தேவையில்லை.

செப்டம்பர் 17, புதன்

காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் மாடியில் குடிதண்ணீர் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பெண் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் கம்பளி உறை. இந்த ஊரில், இந்த வெயிலில்.

"சார், அந்த சுடுதண்ணி பட்டனைக் கொஞ்சம் அமுக்கி வுடு. எனக்குக் கை ஆவல."

அமுக்கினேன். "கையில என்னம்மா?"

"ஊசி போட்டதுலருந்து பச்சத்தண்ணி பட்டா கரண்டு அடிக்கற மாதிரி கீது. நான் காசிமேட்டுல மீன் விக்கறவ. ஐஸத் தொடாம எவ மீன் விப்பா, நீயே சொல்லு."

"இப்ப வியாபாரத்தை யார் பாக்கறாங்க?"

"எங்க நாத்தனா. வஞ்சரத்தையும் மாவுலாவையும் ஒரே வெலைக்குக் குடுத்துட்டு வந்து நிக்கறா. கேட்டா, எல்லாம் மீனுதானே அண்ணிங்கறா." சிரித்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். "நீ டாக்டரா சார்?"

"டாக்டர்தான். ஆனா அந்த டாக்டர் இல்ல."

"அப்ப எந்த டாக்டரு?"

"உடம்புல நோய் எங்கேருந்து எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கறது."

"போலீசு மாரி."

"அப்படித்தான் வச்சுக்குங்க."

"எனக்கு எங்கேருந்து எங்க போச்சு?"

அக்குளில் இடுக்கியிருந்த கோப்பை என் பக்கம் நீட்டினாள். மேலே பெயர். பாக்கியவதி. நான் அதை வாங்கவில்லை. லிப்ட் வந்துவிட்டது என்று சொன்னேன். வந்திருந்தது என்பதும் உண்மை.

கீமோ வார்டு மூன்றாம் மாடி. நான் முதல் மாடிக்குப் போக வேண்டியவன்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்றாவது சுற்று ஏறிவிட்டது. கணினியில் பார்த்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மனு முடிந்தது. பதினெட்டுப் பக்கம். நேற்று சுகந்தியிடம் கொடுத்தேன். விடைத்தாள் திருத்துகிற மாதிரி கையில் பேனாவை வைத்துக்கொண்டே படித்தாள். எங்கும் கோடு போடவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "ஆனா ஆஸ்பத்திரியைப் பத்திப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கீங்க. அதுல நோயாளின்னு ஒரு வார்த்தைகூட இல்லியே."

"இது நிர்வாகம் பத்தின மனு."

"சரி," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அவளுடைய "சரி" எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

செப்டம்பர் 25, வியாழன்

கீமோ கொடுக்கும் டாக்டர் எழிலரசியை கேண்டீனில் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். நல்ல மனுஷி, அவசரப்படாமல் கேட்பார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வியே யார் வெட்டினார்கள் என்பதாக இருக்கும். வடையில் மிளகு அதிகம் என்று பேசிக்கொண்டோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன். பையை எடுத்தபோது சுகந்தி வாசல் வரை வந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் மீன் வாங்கியதில்லை.

தேட வேண்டியிருக்கவில்லை. ஏலம் முடிந்து பெண்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியின் மேல், கம்பளி உறைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள். ஐஸில் கைவிட்டுப் புரட்டிக்கொண்டிருந்தவள் நாத்தனார் போலும்.

"தோ பாரு, செல்லு போலீசு வந்துட்டாரு," என்றாள். அணுவைக் குறிக்கும் செல் என்ற வார்த்தையை நான் அன்று சொன்னதாக நினைவில்லை. யாரையோ விசாரித்திருக்கிறாள். "இன்னா சார், என்னைப் புடிக்க வந்தியா?"

"மீன் வாங்க வந்தேன்."

"அண்ணி, இந்த சாருக்கு மீனே தெரியாது போல. கானாங்கெளுத்தியப் போயி வஞ்சரம் பாக்கற மாரி பாக்கறாரு," என்றாள் நாத்தனார்.

"நீ சொல்லாத. வஞ்சரத்தையும் மாவுலாவையும் ஒரே வெலைக்கு வித்தவ நீ."

பாக்கியவதி ஒரு மீனைத் தூக்கி எனக்குக் காட்ட முயன்றாள். உறையைக் கழற்றிவிட்டுத்தான் தூக்கினாள். பிடித்தது அவளுக்கே தெரியவில்லை. மீன் நழுவித் தரையில் விழுந்தது. நாத்தனார் எடுத்துக் கழுவினாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். மிச்சம் அஞ்சு ஊசி கீது. காலும் மரத்துப் போச்சு, செருப்பு கழண்டு வுழுந்தா தெரியல. அஞ்சும் போட்டா இந்தக் கை திரும்ப வருமா? வராதுன்னா நான் நிறுத்திக்கறேன். ஆனா நிறுத்திட்டா நோவு திரும்பிடும்னு எம்மவ அழுவுறா. நீ படிச்சவன். நிறுத்தட்டா, போட்டுக்கட்டா?"

"நாலாவது என்னைக்கு?"

"வர்ற புதனுக்கு அடுத்த புதன். எட்டாந்தேதி."

"அதுக்கு முன்னாடி எந்த முடிவும் எடுக்காதீங்க," என்றேன். "எட்டாந்தேதிக்குள்ள டாக்டரே கூப்பிட்டுப் பேசுவாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போது சொல்லியாயிற்று.

கானாங்கெளுத்தியைச் சுகந்தி குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது என்றாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளையும் நாளை மறுநாளும் விடுமுறை என்பதால் ஆய்வகத்தில் ஆயுத பூஜை இன்றைக்கே. காலையிலிருந்து எல்லோரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நுண்ணோக்கிகளுக்குச் சந்தனம், குங்குமம். மைக்ரோடோமின் சக்கரத்துக்கு ஒரு முழம் சாமந்தி. தண்ணீர்த் தொட்டிக்கும் மூன்று பொட்டு. ரகோத்தமன் தேங்காய் உடைத்தார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்தது.

நான் பெட்டகத்துக்குப் போய்ப் பதினான்கின் பிளாக்கை எடுத்து வந்தேன். ஹெப்சிபா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தவள், நின்றாள்.

"பூஜை போட்ட மிஷினை அன்னைக்குத் தொடக்கூடாதும்பாங்க, சார்."

"தெரியும்."

பையை ஆணியில் மாட்டினாள். காதிலிருந்த பாட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். சாமந்தியைக் கசங்காமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தொட்டியில் புதுத் தண்ணீர் பிடித்துச் சூடாக்கினாள். நான் வெட்டினேன். முதல் சீவலை அள்ளி எடுத்ததும் என் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் நீண்டது. துடைத்தேன். அடுத்த சீவல். மறுபடி ஒரு காகிதம். ஒரே பிளாக்குக்குள் நடுவில் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கும் அது தெரியும். ஐந்து தடவை நீட்டினாள். ஐந்து தடவையும் துடைத்தேன்.

"நான் ஊர்லருந்து வந்த அன்னைக்கே பதிவேட்டைப் பாத்தேன் சார்," என்றாள். "முப்பது பிளாக்கு, ரெண்டு மணி நேரம்னு போட்டிருந்துச்சு. எனக்கு நாலாவும்."

ஐந்து ஸ்லைடுகளையும் சாயத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

சாயமேற்றி மூன்று மணிக்குப் பார்த்தேன். ஐந்து சீவலிலும் நெறிக்கட்டி சுத்தம். ஒரு புற்றணுகூட இல்லை. பிறகு ஜூன் 26 ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தேன். விளிம்பில், மடிப்பு விழுந்து, கொஞ்சம் வேறு தளத்தில், ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் குறி பார்ப்பதற்காகச் சுரண்டியது போக மிச்சம். தெரிந்துகொண்டு பார்த்தால் எந்த மாணவனும் சொல்வான்.

ஹெப்சிபா சாமந்தியைத் திரும்பச் சக்கரத்தில் சுற்றிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 2, வியாழன்

கடிதம் எழுதினேன். டாக்டர் எழிலரசிக்கு. நான்கு தடவை கிழித்த பிறகு இவ்வளவுதான் மிஞ்சியது:

"உங்களிடம் கீமோ எடுத்துக்கொள்ளும் பாக்கியவதியின் ஜூன் 26 ஸ்லைடைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள். நெறிக்கட்டியின் விளிம்பில் இருக்கும் புற்று அவருடையது அல்ல. அதற்கு முன் வெட்டப்பட்ட நோயாளியுடையது. குறிகள் ஒத்துப்போகின்றன. அதே பிளாக்கிலிருந்து செப்டம்பர் 30 அன்று புதிதாக வெட்டிய ஐந்து ஸ்லைடுகள் மூன்றாவது அலமாரியில், அவர் பெயரிலேயே இருக்கின்றன. எட்டாம் தேதிக்கு முன் பாருங்கள். ஜூன் 26 அன்று தண்ணீர்த் தொட்டி துடைக்கப்படவில்லை."

சுகந்தி படித்தாள். "தொட்டியை யாரு துடைக்கணும்?"

"வெட்டறவங்க."

"அன்னைக்கு யாரு வெட்டினது?"

விஜயதசமிக்கு அவள் செய்திருந்த பாயசம் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கடிதத்தை மடித்து என் பக்கம் வைத்தாள். மறுபடி கேட்கவில்லை. இந்த முறை "சரி" என்றும் சொல்லவில்லை.

பதினெட்டுப் பக்க மனுவைக் கடைசி இழுப்பறையில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். அதில் எழுதியிருப்பது எல்லாமே உண்மை. இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மதிய இடைவேளையில் தபால் நிலையத்துக்கு வந்தேன். ஸ்பீடு போஸ்ட் என்றால் நாளையே போய்ச் சேரும். கவுன்டரில் இருந்த பெண், "அனுப்பறவங்க பேரு, செல் நம்பர் சொல்லுங்க சார்," என்றாள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு விலகி வந்து, இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சாதாரணத் தபாலில் போட்டால் திங்களன்று சேரும் என்கிறார் பக்கத்தில் மணியார்டர் பாரம் நிரப்பும் பெரியவர். செவ்வாய்கூட ஆகலாமாம். புதன் எட்டாந்தேதி.

பேர் போட்டால், இது ரகோத்தமன் மேல் எனக்குள்ள பகையில் எழுதியது என்பார்கள். அதனால் போட வேண்டாம் என்று நேற்று முடிவு செய்திருந்தேன். இங்கே உட்கார்ந்து யோசித்தால், இந்தக் கடிதத்தில் ரகோத்தமனின் பெயரே இல்லை.

உறையைப் பிரித்தேன். கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "வெட்டுப் பதிவேடு, பக்கம் 212-ஐயும் பார்க்கவும்." கசிந்துகொண்டிருந்த பேனாவால் எழுதியதில் விரலெல்லாம் மை. தபால் நிலையத்துப் பசையை எடுத்து மறுபடி ஒட்டினேன்.

செவ்வாய் மாலைக்குள் யாரும் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வராவிட்டால், நான் மூன்றாம் மாடிக்குப் போக வேண்டியிருக்கும். அதை அப்போது பார்க்கலாம்.

பெட்டியில் இரண்டரைக்கு எடுப்பு என்று போட்டிருக்கிறது. இப்போது இரண்டு இருபது. கையெழுத்து இல்லாமலே போட்டுவிடுகிறேன். அது 212ஆம் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது.